வேலையாட்கள் என்று எழுதாதே

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அம்மா ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று சின்ன வயதிலிருந்து என்னைக் கேலி செய்வாயே, இந்த ஒரு தடவை மாற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று நடுவில் வருவார், எனக்குக் கோபம் வந்து விஷயம் வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நகல் எடுத்து நம் தெருச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நீ கேட்டது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். நீ இருக்கிற நாட்டில் ஒரு ரப்பர் எஸ்டேட் கைமாறுகிறது. அங்கே லயங்களில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், இருக்கிற நம் சனங்களுக்கு வேறு இடத்தில் வீடு தர வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வீடு யாருக்கு என்ற இடத்தில் ‘ரெசிடென்ட்ஸ்’ என்று இருக்கிறது. குடியிருக்கிற எல்லாரும் என்றுதான் அதற்கு அர்த்தம். அதை மலாயில் எழுதி, இது சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டியது நீ. நீ ‘பெண்டுடுக்’ என்று எழுதினாய். அந்த ஊரில் குடியிருப்போருக்கு அதுதான் வார்த்தை என்றாய். உன் மேனேஜர் அதை அடித்துவிட்டு ‘பெகெர்ஜா’ என்று போடச் சொன்னார். அப்படிப் போட்டால் வேலையாட்கள், அதாவது இன்றைக்கு எஸ்டேட் சம்பளப் பட்டியலில் பேர் இருக்கிறவர்கள் மட்டும். வேலை ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள், பக்கத்து டவுனில் ஃபேக்டரிக்குப் போகிற பிள்ளைகள் என்று லயத்தில் பாதிப் பேர் ஒரே வார்த்தையில் வெளியே போய்விடுவார்கள். மலாய் நகல்தான் செல்லும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருப்பதாகவும் சொன்னாய். வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். உன் வேலை பர்மிட் புதுப்பிக்கிற காகிதம் அதே மேனேஜர் மேஜையில் இருக்கிறது. "இன்னாம்மா பண்றது?" என்றாய். பதிமூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்தும் பதற்றம் வந்தால் உன் வாயில் நம் மந்தாரக்குப்பத்துப் பேச்சுதான் வருகிறது.

நான் யோசிக்கவே இல்லை. "அவரு சொல்றத எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருடா, நமக்கு இன்னாத்துக்கு ஊரு வம்பு? நீ எழுதலன்னா இன்னொருத்தன் எழுதப் போறான்" என்றேன். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாய். போனைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. அதே வார்த்தைகளை ஒரு மனுஷன் என்னிடம் சொல்லி, நான் தலையாட்டி, அதனால் ஒரு குடும்பம் இந்தத் தெருவை விட்டுப் போயிருக்கிறது. அந்தக் கதை உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நம் தெரு அப்போது எப்படி இருந்தது என்று உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும், உனக்கு எட்டு வயது. தெருவின் முன்பக்கம் சொந்த வீட்டுக்காரர்கள். பின்பக்கம் ஓடு போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக, எல்லாம் வாடகைக்கு. அந்த வரிசையில் மூன்றாவது நம்முடையது. நான்காவது ஸ்டெல்லா அக்காவும் அந்தோணி அண்ணனும். உன் அப்பாவும் அந்தோணி அண்ணனும் ஒரே கான்ட்ராக்டரிடம் நிலக்கரி மைன்ஸில் வேலை, ஒரே ஷிப்ட், ஒரே சைக்கிளில் போவார்கள். நான் கடைத்தெருவில் டைப்பிங் சென்டர் நடத்தினேன். இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவள் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இன்றைக்கும் இருக்கிறது. நான் கடையிலிருந்து வரும்வரை உனக்குச் சோறு போட்டதும், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் ஸ்டெல்லா அக்காதான். கம்மாபுரம் பக்கத்தில் யார் யார் நிலத்திலோ கூலிக்கு நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம் அவளுடையது. சொந்தமாக ஒரு சென்ட் கூட இருந்ததில்லை. அதைச் சொல்லி அவள் ஒரு நாளும் அழுததில்லை.

தண்ணீர் அப்போது பெரிய கஷ்டம். ரோட்டைத் தாண்டி மைன்ஸ் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் கொட்டும், இந்தப் பக்கம் லாரி வந்தால்தான் குடம் நிறையும். தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். போர் போட்டு, தொட்டி கட்டி, தெருமுனையில் குழாய் வைப்பது என்று பேச்சு. பைப் புதைக்கப் பள்ளம் தோண்ட வேண்டும். முன்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்கள். தோண்டியவர்கள் பின்பக்கத்து ஆண்கள்தான், ஷிப்ட் முடித்து வந்து, முகத்தில் கரியோடு. அந்தோணி அண்ணன் ஒரு வாரம் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் வந்த அன்று ஸ்டெல்லா அக்கா முதல் குடத்தைப் பிடித்து நம் வீட்டு வாசலில் இறக்கினாள். தன் வீட்டுக்கு அதற்கப்புறம்தான் பிடித்தாள்.

பிறகு சங்கத்தைப் பதிவு செய்ய விதிமுறைகள் வேண்டியிருந்தன. முன்பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இந்தத் தெருவில் குடியிருக்கிற எல்லாரும் உறுப்பினர்கள் என்றுதான் அவர் எழுதியிருந்தார். தெருவுக்குப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கத் தமிழ் நகல் வேண்டும் என்று சங்கத் தலைவர் என்னிடம் கொண்டு வந்தார். கூடவே ஒரு விஷயம் சொன்னார். வாடகைக்கு இருக்கிறவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள், அவர்களுக்கெல்லாம் ஓட்டுக் கொடுத்தால் எண்ணிக்கையில் நம்மை அமுக்கிவிடுவார்கள், அதனால் அந்த இடத்தில் ‘வீட்டு உரிமையாளர்கள்’ என்று போட்டுவிடு என்றார். நானும் வாடகைக்குத்தானே இருக்கிறேன் என்றேன். உன் குடும்பத்துக்கு மட்டும் தனியாகத் தீர்மானம் போட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நான் யோசிப்பதைப் பார்த்து, நீ அடிக்காவிட்டால் வேறொருத்தர் அடித்துத் தரப் போகிறார் என்றும் சொன்னார்.

அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. பயந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயம் கொஞ்சம்தான், ஆசைதான் அதிகம். முன்பக்கத்து ஆட்களோடு பெயர் சேரும், நானும் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்ற அற்ப ஆசை. டைப்பிங் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தின் அடியில், இடது ஓரத்தில், அடித்தவர் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சின்னதாக அடித்து வைப்பார். நான் ஒரு வாடகை ரசீதைக்கூட அந்த இரண்டு எழுத்து இல்லாமல் கொடுத்ததில்லை. அந்தத் தமிழ் நகலில் மட்டும் நான் அதைப் போடவில்லை. என் விரல்களுக்கு என் மனசை விட நன்றாகத் தெரிந்திருக்கிறது, நான் செய்வது அயோக்கியத்தனம் என்று.

கூட்டத்தில் தலைவர் அதை மளமளவென்று படித்தார், எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பின்பக்கத்து ஆட்களும் வைத்தார்கள், தங்களை வெளியே தள்ளுகிற காகிதத்தில். இரண்டு மாதம் கழித்துக் குழாய்க்குப் பூட்டு வந்தது, உறுப்பினர்களுக்கு மட்டும் சாவி. அந்தோணி அண்ணன் கேட்கப் போனார். விதிமுறையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஸ்டெல்லா அக்கா அந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"இத நீதான அடிச்ச?" என்றாள்.

"அவங்க எழுதிக் குடுத்தத அடிச்சேன்க்கா. அதுல இன்னா இருக்குதுன்னு நான் எங்க படிச்சுகினு இருக்கறது" என்றேன்.

அவள் காகிதத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் என் கடையில் உட்கார்ந்து எத்தனையோ நாள் நான் அடிப்பதைப் பார்த்திருக்கிறாள். "எல்லாத்துலயும் கீழ உம் பேரு போடுவ. இதுல மட்டும் இன்னாத்துக்குப் போடல?" என்றாள். நான் அவசரத்தில் விட்டுப்போயிற்று என்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அந்தச் சண்டையில் எனக்கு ஆறுதலாவது கிடைத்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கோடை முழுக்க அவள் ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் சுமந்தாள். நம் வீட்டில் சாவி இருந்தது. ஒரு நாள் நான் இரண்டு குடம் பிடித்து அவள் வாசலில் வைத்தேன். சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது. அந்தோணி அண்ணனுக்கு முதுகில் கோளாறு வந்து வேலையும் நின்றதும், தண்ணீரும் இல்லாத தெருவில் இருக்க முடியாமல் முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி ஒரு சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா பெரியம்மா ஏன் போயிட்டாங்க என்று நீ நாலு நாள் சாப்பிடாமல் கேட்டாய். அவர்களுக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்றேன். நீ நம்பினாய். அதற்கப்புறம் நீ வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் இதே தெருவின் முன்பக்கத்தில் வீடு கட்டி, தனித் தீர்மானம் எதுவும் இல்லாமலே நான் முழு உறுப்பினர் ஆகிவிட்டேன். வாசலில் கோலம் போடும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். கூச்சத்தை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ‘வேலையாட்கள்’ என்று எழுதாதே. மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்கிறவர் அப்படித்தான் கேட்கிறார் என்று உன் மேனேஜர் சொல்வார். காசு கொடுப்பவருக்கு வேலையாட்கள் மட்டும் வேண்டும் என்றால் இங்கிலீஷிலேயே அப்படி எழுதிக்கொள்ளட்டுமே, யார் வேண்டாம் என்றது? இங்கிலீஷில் பெரிய மனது காட்டிவிட்டு மலாயில் கையைச் சுருக்கிக்கொள்ள உன் பேனா எதற்கு? இது சின்ன வார்த்தை வித்தியாசம்தானே என்றும் சொல்வார். சின்ன வித்தியாசம் என்றால் உன்னுடையதை விட்டுவைக்க வேண்டியதுதானே, ஏன் அடித்தார்? நீ எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான் என்பதுதான் கடைசியாக வரும். என்னை விழ வைத்தது அதுதான், நானும் உன்னிடம் அதையேதான் சொன்னேன். எழுதட்டும் என்று சொல். அந்த இன்னொருவன் யார் என்று நினைக்கிறாய்? நான்தான். இந்தத் தெருவில் அந்த இன்னொருத்தியாக இருந்தவள் நான், எல்லாரும் யாரையாவது காட்டி இன்னொருவன் என்கிறார்கள், கடைசியில் எழுதுகிற கை ஒன்றே ஒன்றுதான். அது உன் கையாக இருக்க வேண்டாம்.

லயத்தில் கணக்கெடுக்கப் போனவர்களோடு நீ மொழிபெயர்க்கப் போனபோது ஒரு அம்மா உன்னைத் தம்பி என்று கூப்பிட்டுப் பாலில்லாத வரக்காப்பி கொடுத்தாள், ‘ஒங்க ஊர்ல எல்லாரும் சொந்த வூட்லதான் இருப்பாங்க, இல்லப்பா’ என்று கேட்டாள் என்று சொன்னாயே. அவள் பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா? இருக்காது. நீ எழுதப்போகும் வார்த்தையில் அவள் இருக்கிறாளா என்று மட்டும் பார். நான் என் பிள்ளைக்கு ஸ்டெல்லா அக்காவைச் சோறு போட விட்டுவிட்டு அவளை ஒரு வார்த்தையில் தெருவிலிருந்து தள்ளினேன். நீ அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு அப்படிச் செய்யாதே.

பர்மிட் போகலாம். போகாது என்று நான் உனக்கு ஜோசியம் சொல்ல மாட்டேன். நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் எனக்கு வயதில்லை. உன் பெண்டாட்டி வேலையை விட வேண்டி வரலாம், பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறலாம், நீ முப்பத்தைந்து வயதில் நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கினால் போகிறவன் வருகிறவனெல்லாம் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்பான். கேட்கட்டும். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டெல்லா அக்கா கதை உட்பட. அவருக்கும் இத்தனை வருஷம் தெரியாது. அந்தோணி அண்ணனோடு ஒரே சைக்கிளில் போனவர் அவர். என் முகத்தைப் பார்க்காமல், "வேல போனா அவன் வரட்டும். மேல ரூமு சும்மாதான கெடக்குது" என்றார். அதற்கு மேல் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

உனக்கு மட்டும் தைரியம் சொல்லிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீ என்னை அம்மா என்று மதிக்க வேண்டியதில்லை. நாம் போனில் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சங்கத்தின் மாதக் கூட்டம். போனேன். பின்பக்கத்து அறைகளில் இப்போது ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், கம்மாபுரத்துக் குடும்பங்கள் இரண்டு. விதிமுறையில் இன்றைக்கும் நான் அடித்த அதே வரிதான். எழுந்து நின்று, இதை மாற்றியது நான், தெரிந்தே மாற்றினேன், இங்கிலீஷ் மூலத்தில் குடியிருப்போர் என்றுதான் இருக்கிறது, அதைப் பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள் என்றேன். பழைய தலைவர் இறந்துவிட்டார், அதனால் அவர் மேல் பழியைப் போடவும் நான் போகவில்லை, என் பெயரை மட்டும்தான் சொன்னேன். அப்புறம் ஒருவர், இத்தனை வருஷம் கழித்து எதற்கு இந்தப் பழங்கதை என்றார். இன்னொருவர், வயதானால் இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தொடர்ந்து பேசினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார் செயலாளர். எடுங்கள், நான் இங்கே குடியிருப்பதை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். பலகையில் இந்தக் கடிதம் ஏன் ஒட்டப்படும் என்று இப்போது புரிந்திருக்கும். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன். ஜெராக்ஸ் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

புதன்கிழமை பண்ருட்டி பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஸ்டெல்லா அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்தோணி அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நமக்குச் சொல்லி அனுப்பவில்லை, நாம் அதற்கு உரியவர்களும் இல்லை. அவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள், விரலெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள், உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, நான்தான் மாற்றி அடித்தேன், படிக்காமல் அடித்தேன் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னது பொய் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். "தெரியும். அன்னிக்கே தெரியும். நீயா வந்து சொல்லுவன்னு கொஞ்ச நாளு பாத்துகினு இருந்தேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

பிறகு உன்னைப் பற்றி விசாரித்தாள். எங்கே இருக்கிறான், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டாள். உன் எஸ்டேட் விஷயத்தைச் சொன்னேன். அந்த லயத்து அம்மாவைப் பற்றியும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "உம் புள்ள இன்னா எழுதப் போறான்?" என்றாள்.

"குடியிருக்கறவங்க எல்லாருன்னுதான் எழுதுவான்க்கா" என்றேன்.

உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் சொன்னேன், திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. திங்கட்கிழமை நீ என்ன வேண்டுமானாலும் செய்யலாம், நீ வளர்ந்தவன். ஆனால் அவளிடம் நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இதை இரண்டாவது பொய்யாக ஆக்கிவிடாதே.